பில் கவுண்டரில் நம்பர் கேட்டால் என்ன சொல்வது?

குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வரும் நேரமும் தீபாவளியும் டெல்டாவில் ஒட்டியே வரும். அந்த நாட்களில் கும்பகோணம் பெரிய தெருவிலும் தஞ்சாவூர் காந்திஜி சாலையிலும் மாயவரம் பட்டமங்கலத் தெருவிலும் நடக்க இடமிருக்காது. ஜவுளி, நகை, பாத்திரம், பட்டாசு என்று வாங்கி முடித்து வீடு வந்து சேர்ந்த பிறகு பலரும் கேட்கும் கேள்வி இது: "நேத்து அந்தக் கடைக்குப் போனேன். இன்னைக்குப் போனைத் திறந்தா அதே கடை விளம்பரம் வருது. நான் போனது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்களுக்காகவும், ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போனைச் சரிசெய்து கொடுக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கூரையில் ஒளிந்திருக்கும் கருவி, நம் முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று பல செய்திகள் வருகின்றன. அவையெல்லாம் உண்மையில் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்களில் நம்மைப் பற்றிய தகவல் வெளியே போக முதல் காரணம், கவுண்டரில் நாமே வாய்விட்டுச் சொல்லும் பத்து இலக்க எண். இரண்டாவது காரணம், ஆப் கேட்டவுடன் படிக்காமல் அழுத்தும் 'அனுமதி'. இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

யாரிடம் எது இருக்கிறது

இது புரிந்தால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும். நீங்கள் இந்த நிமிடம் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் வரைபடம் எதுவும் சாதாரணமாகக் கடைக்காரரிடம் கிடையாது. பில் போடும் சாஃப்ட்வேரில் ஒரு பட்டியல்தான் அவரிடம் இருக்கிறது. நம்பர், பெயர், எந்தத் தேதியில் என்ன வாங்கினார், எவ்வளவுக்கு, எந்தக் கிளையில் என்பதெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் என்று கிளைகள் உள்ள கடையாக இருந்தால், நீங்கள் எந்த மாதம் எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதும் அந்தப் பட்டியலிலேயே வந்துவிடும். இதற்கு ஜிபிஎஸ் தேவையே இல்லை.

உங்கள் நடமாட்டம் தெரிந்தது கூகுள், ஃபேஸ்புக் போன்ற விளம்பர நிறுவனங்களுக்கு. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் திரையில் வரும் வரைபடத்தில் தன் கடை மேல் ஒரு புள்ளி வைத்து, சுற்றிலும் இருபது கிலோமீட்டர் என்று வட்டம் போடுவார். சுவாமிமலை, வலங்கைமான், பாபநாசம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அங்கே இருப்பவர்களின் போன்களில் விளம்பரம் தெரியும். யார் யார் பார்த்தார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது, எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். ஆக, கடைத்தெருவுக்குப் போய் வந்த மறுநாள் விளம்பரம் வந்தால், அந்தக் கடை உங்களைப் பின்தொடர்ந்து வந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வட்டத்துக்குள் இருந்ததே காரணமாக இருக்கலாம்.

இந்த இரண்டும் கலக்கும் இடம்தான் கவலைப்பட வேண்டியது. கடை தன்னிடம் உள்ள வாடிக்கையாளர் நம்பர்களை மொத்தமாக விளம்பர நிறுவனத்திடம் ஏற்ற முடியும். ஃபேஸ்புக் 2012-லும் கூகுள் 2015-லும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. நம்பர்கள் அப்படியே போவதில்லை, குறியீடாக மாற்றித்தான் ஏற்றப்படுகின்றன. ஆனால் உங்கள் கணக்கில் உள்ள நம்பரையும் அந்த நிறுவனம் அதே முறையில் மாற்றி வைத்து ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் அது நீங்கள்தான். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று கடைக்குத் தெரியும், எங்கே சுற்றுகிறீர்கள் என்று விளம்பர நிறுவனத்துக்குத் தெரியும். இரண்டையும் இணைப்பது நீங்கள் சொன்ன நம்பர்.

முதல் வேலை: நம்பர் சொல்லாமல் பில் வாங்கப் பழகுங்கள்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில் போட மொபைல் நம்பர் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது, நம்பர் தராததால் விற்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்பதே அந்த அறிவுரை. பில் கேட்டும் தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற வணிக முறை என்கிறது. உங்கள் பக்கம் பலம் இருக்கிறது, தயங்க வேண்டியதில்லை.

கவுண்டரில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். துணியை எல்லாம் ஸ்கேன் செய்து முடித்ததும் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும். அதில் மொபைல் நம்பர், பெயர் என்று இரண்டு வரி இருக்கும். பின்னால் வரிசை நீண்டிருக்கும். கவுண்டரில் இருக்கும் பெண் தலையை நிமிர்த்தாமலே "நம்பர் சொல்லுங்கம்மா" என்பார். கேட்ட வேகத்தில் நம் வாய் நம்பரைச் சொல்லிவிடும். நம்பரைத் தருகிறோமா இல்லையா என்று நாம் யோசித்திருக்கவே மாட்டோம். அதனால் பதிலை வீட்டிலிருந்தே தயாராக வைத்துக்கொண்டு போங்கள்: "நம்பர் வேணாம்மா, பேப்பர் பில் போதும்." பல இடங்களில் அந்தப் பெண் அந்தக் கட்டத்தைத் தாண்டி பில்லை அடித்துக் கொடுத்துவிடுவார்.

சில இடங்களில் "நம்பர் போடலைன்னா சிஸ்டம் நகராதுங்க" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், முதலாளி அப்படி அமைத்து வைத்திருப்பார். அப்போது "சூப்பர்வைசரைக் கொஞ்சம் கூப்பிடும்மா" என்று சொல்லுங்கள். அவர் வந்து பத்து பூஜ்யத்தையோ கடையின் சொந்த நம்பரையோ போட்டு முடித்துவிடுவார். கவுண்டரில் இருப்பவரிடம் சத்தம் போடாதீர்கள். எத்தனை பேரிடம் நம்பர் வாங்கினாய் என்று அவரை மாலையில் கேட்க ஆள் இருக்கும். விதியை வைத்தவர் அவர் அல்ல.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொல்லாதீர்கள். அது உண்மையில் யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும். உங்கள் பில்லும் அதற்குப் பின்னால் வரும் விளம்பரங்களும் அவருக்குப் போகும்.

கவுண்டரில் நிற்கும்போதே "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டால் இன்னும் கவனமாக இருங்கள். வெறும் பில்லுக்கு ஓடிபி தேவையில்லை. அது வந்தால் உங்களை ஏதோ ஒரு உறுப்பினர் திட்டத்திலோ கணக்கிலோ சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். மெசேஜைத் திறந்து முழுதாகப் படியுங்கள். எதற்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். எதற்கு என்று புரியாத ஓடிபியை எந்தக் கடையிலும் சொல்ல வேண்டாம்.

சரி, நம்பரை எங்குமே தரக் கூடாதா? அப்படி இல்லை. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் கொண்டுவந்து இறக்க வேண்டும், தைக்கக் கொடுத்த ஜாக்கெட் தயாரானதும் சொல்ல வேண்டும், பழுதான போனைச் சரிபார்த்ததும் கூப்பிட வேண்டும் என்றால் நம்பர் தேவைதான். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் நகை வாங்கினால் பான் எண் தருவது சட்டப்படி கட்டாயம். எதற்காகத் தந்தோமோ அதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் மருந்துக்கடையில் மருந்து வாங்குகிறார். பணம் கட்டியதற்கு ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லி நம்பர் தருகிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்ப மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது அந்த உதாரணம். மருந்துக்கடையை எடுத்துக்கொண்டது மிகச் சரி. ஒருவர் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளின் பட்டியல் இருந்தால் அவருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடலாம்.

பாயின்ட் சேரும் என்று சொல்லி நம்பர் கேட்பது தனி விஷயம். மாத மளிகை முழுவதையும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் குடும்பத்துக்கு அதில் கொஞ்சம் லாபம் இருக்கும். அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை ரூபாய்க்கு வாங்கினால் எத்தனை ரூபாய் திரும்ப வரும் என்று கேட்டு, அந்தத் தொகைக்கு உங்கள் மளிகைப் பட்டியலைக் கொடுக்கச் சம்மதமா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகும் கடையில் பாயின்ட் சேர்ப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

குலுக்கல் கூப்பனும் நகைச்சீட்டும்

ஆடிக்கும் தீபாவளிக்கும் கடை வாசலில் கார், பைக், தங்கக் காசு என்று படம் போட்டுப் பெரிய பெட்டி வைத்திருப்பார்கள். கூப்பனில் பெயர், ஊர், நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டிருப்பார்கள். குலுக்கலில் விழுந்தால் கூப்பிட்டுச் சொல்ல ஒரு பெயரும் நம்பரும் போதும். மற்ற கட்டங்களைக் காலியாக விட்டுப் போடுங்கள்.

நகைச்சீட்டில் சேரும்போது அடையாள ஆவணம் கேட்பார்கள். நகல் கொடுத்தால் அதன் குறுக்கே "இந்த நகைச்சீட்டுக்காக மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆதார் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும், அதைக் கொடுங்கள். காகிதத்தில் எழுதி வாங்கியதற்குச் சட்டம் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் 2023 சட்டத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது வேலை: ஆப்களின் இருப்பிட அனுமதி

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு முறை உட்கார்ந்து செய்தால் போதும், பிறகு எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதுமானது.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குப் போய் 'இருப்பிடம்' என்பதைத் திறங்கள். அதற்குள் ஆப்களின் இருப்பிட அனுமதி என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சொல் கொஞ்சம் மாறும். திறந்தால் உங்கள் ஆப்கள் எல்லாம் குழுக்களாகப் பிரிந்து நிற்கும்: எல்லா நேரத்திலும் அனுமதி பெற்றவை, பயன்படுத்தும்போது மட்டும் பெற்றவை, ஒவ்வொரு முறையும் கேட்பவை, அனுமதி இல்லாதவை. முதல் குழுவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே கடை ஆப், விளையாட்டு, டார்ச் லைட், வால்பேப்பர் என்று ஏதாவது இருந்தால் அதன் மேல் தொட்டு 'அனுமதிக்க வேண்டாம்' என்று மாற்றுங்கள். டார்ச் லைட்டுக்கு நீங்கள் திருவாரூரில் இருக்கிறீர்களா மன்னார்குடியில் இருக்கிறீர்களா என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மிகவும் பிரபலமாக இருந்த ஓர் இலவச டார்ச் லைட் ஆப், பயன்படுத்தியவர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக 2013-இல் அமெரிக்க வணிக ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளானது.

சாப்பாடு கொண்டுவரும் ஆப், ஆட்டோ கூப்பிடும் ஆப், வரைபடம் ஆகியவற்றுக்கு இருப்பிடம் வேண்டும். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே அவற்றுக்குப் போதும். பணம் அனுப்பும் ஆப்களும் பாதுகாப்புக்கு என்று கேட்கும். அவற்றுக்கும் இதே அளவு கொடுங்கள். துணி, மளிகை, மின்சாதனக் கடைகளின் ஆப்களுக்குப் பின்கோடு அடித்தாலே வேலை நடக்கும்.

அதே பக்கத்தில் 'துல்லியமான இருப்பிடம்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதலும் இந்த வசதி உண்டு. அதை அணைத்தால் ஆப்புக்கு உங்கள் தெரு தெரியாது, எந்தப் பகுதி என்று மட்டும் தோராயமாகத் தெரியும். வானிலை ஆப்புக்கு அது தாராளமாகப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போனால் இருப்பிடச் சேவைகள் இருக்கும், வேலை ஒன்றுதான்.

கடை ஆப் எப்போதும் ஓடும் அனுமதியை வைத்து என்ன செய்யும் என்பதற்கு கனடாவில் நல்ல சாட்சி இருக்கிறது. அங்கே டிம் ஹார்ட்டன்ஸ் என்ற காபிக் கடைத் தொடரின் ஆப், திறக்காமல் சட்டைப்பையில் கிடந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைப் பதிந்துகொண்டிருந்தது. வீடு எது, வேலை செய்யும் இடம் எது, எப்போது போட்டிக் கடைக்குப் போனார் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. 2022 ஜூனில் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர்கள் இது சட்டமீறல் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஒரு டம்ளர் காபிக்கு ஆர்டர் எடுக்க வந்த ஆப் அது.

அனுமதி மறுத்தாலும் இருப்பிடம் கண்டுபிடித்த கதையும் உண்டு. பெங்களூரிலிருந்து வளர்ந்த இன்மொபி என்ற விளம்பர நிறுவனம், பயனர் இருப்பிட அனுமதி தராதபோதும், அருகில் உள்ள வைஃபை இணைப்புகளின் விவரத்தை வைத்து அவர் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டது. குழந்தைகளின் ஆப்களிலும் இது நடந்தது. 2016 ஜூனில் அமெரிக்க வணிக ஆணையம் ஒன்பதரை லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. அதனால் அனுமதியை மறுப்பதோடு நிற்காமல், பயன்படுத்தாத ஆப்பை நீக்கிவிடுவதுதான் சுத்தமான வழி. தள்ளுபடிக்காக ஒரு முறை ஏற்றிய கடை ஆப்பை பொருள் வந்து சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். நீக்கும் முன் ஆப்புக்குள் போய்க் கணக்கை அழிக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் கணக்கு அங்கேயே இருக்கும்.

கூகுள் கணக்கில் தனியாக இரண்டு சுவிட்ச் இருக்கின்றன. ஒன்று டைம்லைன், நீங்கள் போன இடங்களின் பதிவு. இன்னொன்று வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி, தேடியவற்றின் பதிவு. முதலாவதை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தவர்கள் ஏராளம், ஆனால் இரண்டாவது வழியாகவும் இருப்பிடம் பதிவாகிக்கொண்டிருந்தது. இது பற்றிய வழக்கில் 2022 நவம்பரில் கூகுள் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. எனவே இரண்டையும் பாருங்கள். அப்புறம், அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதிக்குள் விளம்பர ஐடியை நீக்கும் வாய்ப்பு இருக்கும். அதையும் செய்துவிடுங்கள். வேறு வேறு ஆப்களில் இருக்கும் உங்கள் தகவல்களை ஒன்றாக இணைக்க உதவும் எண் அதுதான்.

வைஃபை, புளூடூத்

வைஃபை இயங்கும் போன், தனக்குத் தெரிந்த இணைப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்பு அந்தக் குரலில் போனின் மாறாத அடையாள எண் இருந்தது. கடையில் ஒரு கருவி வைத்தால் இதே போன் போன வாரமும் வந்தது, புடவைப் பகுதியில் இவ்வளவு நேரம் நின்றது என்று எடுத்துவிடலாம். அமெரிக்காவில் நார்ட்ஸ்ட்ரோம் என்ற பெரிய ஜவுளிக்கடை இதைச் சோதித்துப் பார்த்து, வாடிக்கையாளர்கள் எதிர்த்ததால் 2013-இல் நிறுத்தியது. இந்தத் தொழிலில் இருந்த நோமி என்ற நிறுவனம், வேண்டாதவர்கள் கடையிலேயே சொல்லி விலகிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட்டு அப்படி ஒரு வசதியே செய்யாமல் இருந்ததால் 2015-இல் மாட்டிக்கொண்டது.

இப்போது நிலைமை பரவாயில்லை. 2014-இல் ஆப்பிளும், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பும் அந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கின. ஓரளவு புதிய போன் என்றால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆனால் கடையின் இலவச வைஃபையில் நீங்களாகச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நம் நாட்டில் பொது வைஃபைக்கு நம்பரும் ஓடிபியும் கேட்பார்கள், இந்தப் போன் இன்னாருடையது என்று அங்கேயே பதிவாகிவிடும். கையில் டேட்டா இருக்கும்போது அது எதற்கு? முன்பு சேர்ந்திருந்தால் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி மறக்கச் செய்யுங்கள். இருப்பிடம் பகுதிக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு சுவிட்ச் ஒளிந்திருக்கும். மேலே வைஃபையை அணைத்தாலும் இவை தேடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அணைக்கலாம்.

கேமரா, யுபிஐ

திருட்டைத் தடுக்க வைத்த கேமராவைக் குறை சொல்ல முடியாது. முகத்தை அடையாளம் கண்டு பட்டியல் வைப்பது வேறு. அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக்கடைகள் அப்படிச் செய்து, அப்பாவிகளைத் திருடர் என்று காட்டியதால், 2023 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த முறையைப் பயன்படுத்தத் தடை வாங்கின. இங்கே சந்தேகம் வந்தால் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

யுபிஐயில் பணம் அனுப்பும்போது உங்கள் பெயரும் யுபிஐ முகவரியும் கடைக்குப் போகும். பலருடைய முகவரி அவர்களின் மொபைல் நம்பராகவே இருக்கிறது. கவுண்டரில் சொல்லாத நம்பர் இந்த வழியில் போய்விடும். ஆப்பில் உங்கள் விவரப் பகுதிக்குள் நம்பர் இல்லாத வேறு யுபிஐ முகவரி உருவாக்கிக்கொண்டு, அதை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போன நம்பருக்கு என்ன செய்வது

விளம்பர அழைப்புகளையும் மெசேஜ்களையும் நிறுத்த 1909-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், அல்லது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் டிஎன்டி (தொந்தரவு வேண்டாம்) ஆப்பைப் பயன்படுத்துங்கள். மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. பதிவு செய்த பிறகும் தொல்லை வந்தால் ஏழு நாளுக்குள் அங்கேயே புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் வருவதற்கு இந்தப் பதிவு பயன்படாது, அதை அங்கேயே பிளாக் செய்ய வேண்டியதுதான்.

இப்போது சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு அந்த விதிகள் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. அதாவது அவை நடைமுறைக்கு வரும் காலம் 2027 மே.

அதன்படி உங்களுக்குக் கிடைப்பவை எவை? என்ன தகவல், எதற்கு என்ற அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம், ஏனென்றால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் அது கிடைக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். குறையைத் தீர்க்க நிறுவனத்துக்கு அதிகபட்சம் 90 நாள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. சில விதிவிலக்குகள் தவிர, அவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எனவே கடையில் பிள்ளையின் நம்பரையோ பிறந்த நாளையோ சொல்லும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. நம்பிக்கையின் பேரில் நீங்கள் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றி மற்றவருக்குத் தருவது 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. இது இன்றே நடைமுறையில் இருக்கிறது. 2027 வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் கடைக்கு எழுத வேண்டும். 2023 சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகவும், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. இப்படி எழுதலாம்:

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் கடையின் வாடிக்கையாளர். இன்ன தேதியில், இன்ன எண் பில்லில் பொருள் வாங்கியபோது என் மொபைல் எண் பெறப்பட்டது. அதற்குப் பின் தங்கள் விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன. விளம்பரத்துக்கு என் எண்ணைப் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை. சம்மதம் கொடுத்ததாகக் கருதப்பட்டால் அதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதைத் தெரிவிக்கவும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் விவரம் தவிர மற்றவற்றை அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யவும்."

கடைக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வந்த விளம்பர மெசேஜ்களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எரிச்சலில் அழித்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். புகார் எண் ஒன்று கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போய்விட வேண்டும். மனுவோடு பில்லின் நகல், கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல், தபால் ரசீது, ஸ்கிரீன்ஷாட்கள், 1915-இல் கிடைத்த புகார் எண் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள்.